ஓடாத இறுவட்டும் ஒரு குதிரையும்

போன கிழமை என் புத்தக அலுமாரியின் படமொன்றை இங்கே போட்டிருந்தேன். புத்தகங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது தட்டில் நிமிர்த்தி வைத்திருந்த இறுவட்டுப் பெட்டியைப் பற்றித்தான் பின்னூட்டத்திலும் உள்பெட்டியிலும் கேட்டிருந்தீர்கள். "சேர், எங்க எடுத்த?" "ஒரிஜினலா?" "குடுக்கிற எண்ணம் இருக்கா?"

அது ஸ்டான்லி குப்ரிக்கின் 'பரி லிண்டன்'. 1975இல் வந்த படம். அமெரிக்க நிறுவனமொன்று 2017இல் வெளியிட்ட புளூ-ரே பதிப்பு. ஒரிஜினல்தான் என்று எல்லோருக்கும் பதில் போட்டேன். ஒரு விசயத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த இறுவட்டில் அந்தப் படத்தை நான் ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அது ஓடாது.

அந்த வெட்கத்தைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையிருப்பவர்கள் வாசியுங்கள்.

படத்தை முதலில் பார்த்தது கல்விக் கல்லூரியில் படிக்கும்போது. விடுதியில் ஒரு நண்பனின் மடிகணினியில், நூறு ரூபாவுக்கு வாங்கிய பிரதி இறுவட்டில். அது களவுப் பிரதி என்ற எண்ணமே அப்போது எங்களுக்கு வரவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கும் மேலே ஓடும் படம். நாலைந்து பேர் உட்கார்ந்தோம். இடைவேளை வருவதற்குள் மற்றவர்கள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு. அயர்லாந்தில் றெட்மன்ட் பரி என்றொரு இளைஞன். தகப்பன் இல்லை, சொத்து இல்லை. மாமன் மகள்மேல் வைத்த காதலால் துப்பாக்கிச் சண்டை போட்டு ஊரைவிட்டு ஓடுகிறான். வழிப்பறியில் இருந்த காசையும் குதிரையையும் இழந்து பிரித்தானியப் படையில் சேர்கிறான். அங்கிருந்து தப்பிப் பிரஷ்ய படையில் மாட்டுகிறான். பிறகு ஒரு சூதாட்டக்காரருடன் சேர்ந்து ஐரோப்பிய அரண்மனைகளில் சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிழைக்கிறான். ஒரு கட்டத்தில் தீர்மானிக்கிறான்: இனி உழைத்து முன்னேறுவதில்லை, பணமும் பட்டமும் உள்ள ஒரு பெண்ணைக் கட்டி முன்னேறுவது.

அப்போதுதான் லேடி லிண்டன் வருகிறாள். கணவர் வயதானவர், நோயாளி. சீட்டாட்ட மேசையில் மெழுகுதிரி வெளிச்சம். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். சீட்டைப் பார்ப்பதுபோல் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் எழுந்து வெளியே போகிறாள். கொஞ்சம் பொறுத்து அவன் பின்னால் போகிறான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஷூபேர்ட்டின் இசை மட்டும். அவன் மெதுவாக நடந்து வருகிறான், அவள் திரும்புகிறாள், அவ்வளவுதான்.

இதைவிட வெளிப்படையான காட்சிகளை எத்தனையோ படங்களில் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண்ணை வசப்படுத்துவது எப்படியொரு கணக்கு என்பதை இவ்வளவு அழகாக, இவ்வளவு பயமாக நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அவன் கண்ணில் காதல் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். முகம் அழகான முகம், றயன் ஓ'நீலின் முகம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. 1773இல் கல்யாணம் நடக்கிறது. கல்யாணம் முடிந்து வண்டியில் போகும்போது, "கொஞ்ச நேரம் புகைக்காமல் இருக்கலாமா" என்று அவள் கேட்கிறாள். அவன் புகையை அவள் முகத்திலேயே ஊதுகிறான். உள்ளே இருந்தது என்னவென்று அப்போது தெரிந்துவிடுகிறது.

தக்கரே 1844இல் எழுதிய நாவலில் பரி தன் கதையைத் தானே அளந்து சொல்வான். குப்ரிக் அதை மாற்றி, மைக்கல் ஹோர்டனின் குரலில் மூன்றாம் மனிதர் ஒருவரைக் கதை சொல்ல வைத்தார். அந்தக் குரல் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். பரி தன் மகனைக் கொஞ்சி மகிழும்போதே, இவன் கடைசியில் பிள்ளையில்லாமல், ஏழையாக, தனியாகத்தான் முடிவான் என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு அவன் வாங்கும் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அவனுக்கு மட்டும் தெரியாது.

அவன் நிறைய வாங்குகிறான். பிரபுப் பட்டம் கிடைக்க வேண்டுமென்று விருந்து வைக்கிறான், ஆட்களைப் பிடிக்கிறான், மனைவியின் காசை இறைக்கிறான். ஓவியமும் வாங்கப் போகிறான். கடைக்காரர் ஓவியரின் பெயரைச் சொல்ல, பரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்த ஓவியர் நீல நிறத்தைப் பாவித்திருக்கும் விதம் தனக்குப் பிடித்திருப்பதாகச் சொல்கிறான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். விடுதியில் நான் அதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தேன். தூங்கியவர்களில் ஒருவன் எழும்பி ஏசினான்.

அந்தச் சிரிப்பு பல வருடம் கழித்து என்னிடமே திரும்பி வந்தது.

இந்தப் படத்தைச் சேகரிப்பவர்கள் ஏன் இப்படித் துடிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், நியாயமான காரணங்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் இரவுக் காட்சிகளை மின்விளக்கு இல்லாமல் மெழுகுதிரி வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமென்று குப்ரிக் நினைத்தார். சாதாரண வில்லைக்கு அந்த வெளிச்சம் போதாது. நாசாவின் அப்பலோ திட்டத்துக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மில்லிமீற்றர், எஃப் 0.7 வில்லைகள் இருந்தன. மொத்தமே 10. அதில் 3 குப்ரிக்கிடம் வந்தன. நிலாவுக்காகச் செய்ததைக் கொண்டு சீட்டாட்ட மேசையைப் படம்பிடித்தார்கள். அந்த வில்லையில் தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. நடிகர் தலையைக் கொஞ்சம் முன்னே பின்னே அசைத்தாலும் முகம் கலங்கிவிடும். அதனால் எல்லோரும் ஓவியத்தில் இருப்பதுபோல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கெய்ன்ஸ்பறோ, ஹோகார்த் வரைந்த படங்களுக்குள் ஆட்கள் மூச்சுவிடுவதுபோல் இருக்கும். ஒளிப்பதிவாளர் ஜோன் அல்கொட்டுக்கு ஒஸ்கார் கிடைத்தது. படத்துக்கு மொத்தம் 4.

இன்னொன்று. சில உள்ளறைக் காட்சிகளை அயர்லாந்தின் விக்லோவிலுள்ள பவர்ஸ்கோர்ட் மாளிகையில் எடுத்தார்கள். படப்பிடிப்பு முடிந்து சில மாதங்களில், 1974 நவம்பரில், அந்த மாளிகை தீப்பிடித்து எரிந்தது. அந்த அறைகள் இன்று இந்தப் படத்துக்குள்தான் இருக்கின்றன. ஒரு படத்தை நல்ல பிரதியாகப் பாதுகாப்பது என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று இதைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்குப் பட்டது.

அதனால்தான் பிரதிகளைப் பற்றி இவ்வளவு சண்டை. படம் எடுக்கப்பட்ட சட்டம் 1.66க்கு 1. இன்றைய தொலைக்காட்சித் திரை அதைவிட அகலம், 1.78. திரையை நிரப்ப வேண்டுமென்றால் மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெட்ட வேண்டும். 2011இல் வந்த புளூ-ரே அப்படித்தான் வந்தது. கொஞ்சம்தானே என்று தோன்றும். வானத்துக்கும் மரத்துக்கும் இவ்வளவு இடம், மனிதனுக்கு இவ்வளவுதான் இடம் என்று அளந்து வைத்த படத்தில் அது கொஞ்சம் இல்லை.

அந்தப் பிரதியே சரியென்று வாதாடியவர் லியோன் விட்டாலி. படத்தில் பரியின் மாற்றாந்தாய் மகன்போல் வளரும் லார்ட் புல்லிங்டனாக நடித்தவர். அதாவது லேடி லிண்டனின் முதல் கணவருக்குப் பிறந்த மகன், பரியை வெறுப்பவன். நடிப்பில் நல்ல எதிர்காலம் இருந்த மனிதர். இந்தப் படத்துக்குப் பிறகு நடிப்பை ஏறத்தாழ விட்டுவிட்டுக் குப்ரிக்கின் உதவியாளரானார். அடுத்த பல வருடங்களை அவருடைய படங்களின் பிரதிகளைப் பார்ப்பதிலும் பாதுகாப்பதிலும் கழித்தார். 2022இல் காலமானார். அந்தச் சட்ட விசயத்தில் அவர் சொன்னது சரியாக இருக்கவில்லை. 1975 டிசம்பரில் குப்ரிக் திரையரங்குகளில் படம் ஓட்டுபவர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. அதில் 1.66 என்று தெளிவாக இருந்தது. 2017 பதிப்பு அந்த அளவில் வந்தது. அதனால்தான் அதற்கு அத்தனை மவுசு.

ஆனாலும் எனக்கு விட்டாலியை நினைத்தால் மரியாதைதான் வருகிறது. கதையில் பரி தன்னை உயர்த்துவதற்காகப் பொருட்களைச் சேர்க்கிறான். அதே படத்தில் நடித்த இந்த மனிதர் ஒரு பொருளைக் காப்பதற்காகத் தன்னைக் குறைத்துக்கொண்டார். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், ஆசை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2021 முடிவில் அமெரிக்காவிலிருக்கும் சிநேகிதனிடம் சொல்லி அந்த 2017 பதிப்பை வாங்கினேன். ஊருக்கு வந்த ஒருவரின் பையில் வந்து சேர்ந்தது. எல்லாம் சேர்த்து 12,000 ரூபாவுக்கு மேல். அந்தக் காசு எங்கேயிருந்து வந்தது என்பதுதான் விசயம். மகனுக்குச் சைக்கிள் வாங்குவதற்கென்று நானும் மனைவியும் சீட்டுக் காசில் ஒதுக்கி வைத்திருந்தது. அவனுக்கு அப்போது ஐந்து வயது. "இந்த வயசுல சைக்கிள் எதுக்கு, ரெண்டு மாசத்தால வாங்குவம்" என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததை நான் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியைப் பிரித்து, மச்சான் டோஹாவிலிருந்து கொண்டுவந்து தந்த பிளேயரில் போட்டேன். திரையில் ஒரு வரி வந்தது. இந்த இறுவட்டு இந்தப் பிரதேசத்தில் இயங்காது. புளூ-ரேக்குப் பிரதேசப் பூட்டு உண்டு. அமெரிக்கா A, மத்திய கிழக்கும் ஐரோப்பாவும் B, நம்மைப் போன்ற தென்னாசிய நாடுகள் C. இறுவட்டு A. பிளேயர் B. நான் இருப்பது C. பெட்டியின் பின்பக்கத்தில் சின்னதாக A என்று போட்டுத்தான் இருந்தது. வாங்கச் சொன்னபோது நான் அதைக் கேட்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது.

மனைவியிடம் சொல்லவில்லை. அலுமாரியில் நிமிர்த்தி வைத்தேன். வருகிறவர்கள் பார்ப்பார்கள். "சேர் பெரிய கலெக்சன் வெச்சிருக்கார்" என்பார்கள். நானும் அந்த வில்லையின் கதையைச் சொல்வேன், 1.66 கதையைச் சொல்வேன். நீல நிறம் பிடித்திருக்கிறது என்று பரி சொன்னானே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவனாவது வாங்கின ஓவியத்தைப் பார்க்கக்கூடியதாக இருந்தது.

இரண்டு மாதத்தில் வாங்குவம் என்ற சைக்கிளின் கதை உங்களுக்குத் தெரியும். 2022 வந்தது. பெற்றோல் வரிசை வந்தது. சைக்கிளில் ஏறாத மனிதரெல்லாம் சைக்கிள் தேடினார்கள். ரூபா விழுந்தது. சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் விலைகூட எங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த வருடங்களில் வேறு செலவுகள் வந்தன. அவன் கேட்பதை நிறுத்திக்கொண்டான். பிள்ளைகள் கேட்பதை நிறுத்துவது நல்ல பழக்கமென்று நினைத்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை இரவு பழைய சாமான்களுக்குள் அந்த நூறு ரூபா இறுவட்டு கிடைத்தது. மடிகணினியில் போட்டேன். அது ஓடியது! நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை, படம் சின்னது, நிறம் வெளிறியது. ஆனால் மேலேயும் கீழேயும் வெட்டுப்படவில்லை. பூட்டும் இல்லை.

இரண்டாம் பகுதி ஓடும்போது மகன் தூக்கம் கலைந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாத இடங்கள் கடந்துவிட்டன என்பதால் விட்டுவிட்டேன். அவனுக்கு இப்போது ஒன்பது வயது. புலமைப்பரிசில் வகுப்பில் ஒத்த சொற்கள் படிக்கிறான். படத்தின் பெயரைச் சொன்னேன். "பரி என்டா குதிரைதானே வாப்பா?" என்று கேட்டான். இது ஆளின் பெயர் என்றேன். கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே குதிரை வந்தது.

பார்த்தவர்களுக்குத் தெரியும். பரிக்கு ஒரேயொரு மகன், பிறையன். எட்டு வயது மதிக்கலாம். அந்த மனிதனுக்கு உலகத்தில் கணக்குப் பார்க்காமல் அன்பு வைத்த ஒரே உயிர். அவன் குதிரை கேட்கிறான். பரி வாங்கிவிடுகிறான், ஆனால் பிறந்தநாளுக்கு ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டுமென்று வேறிடத்தில் ஒளித்து வைக்கிறான். பிள்ளைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. தனியாக ஏறமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். அதை மீறி விடியற்காலையில் ஒருவருக்கும் தெரியாமல் போய் ஏறுகிறான். விழுகிறான்.

கட்டிலில் கிடக்கும்போது தாயையும் தகப்பனையும் இரு பக்கமும் வைத்து, இனிச் சண்டை பிடிக்கமாட்டோமென்று சொல்லுங்கள் என்று கேட்கிறான். தான் யுத்தத்தில் கோட்டை பிடித்த கதையைப் பரி வழக்கம்போல் சொல்லத் தொடங்கி, பாதியில் முடியாமல் உடைந்து அழுகிறான். அடுத்த காட்சியில் சின்னஞ்சிறு வண்டியில் வெள்ளைப் பெட்டி. அதே வண்டியில்தான் அந்தப் பிள்ளை தன் பிறந்தநாளில் ஆட்டுக்கிடாய் இழுக்க ஊர்வலம் போயிருந்தான்.

நான் மடிகணினியை மூடப் போனேன். மகன் கையைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை. கேட்டான்:

"அந்தக் குதிரைய ஏன் ஒளிச்சி வெச்சாரு? அவரே குடுத்து, அவரே பிடிச்சிப் பழக்கியிருந்தா அந்தப் புள்ள தனியப் போயிருக்காதுதானே?"

படத்தைப் பற்றி இத்தனை வருடம் வாசித்திருக்கிறேன். மெழுகுதிரியைப் பற்றி, வில்லையைப் பற்றி, இசையைப் பற்றி. இந்தக் கேள்வியை நான் எங்கும் சந்திக்கவில்லை. அந்தக் குதிரை பிள்ளையின் ஆசைக்கு மட்டுமாக வாங்கியதில்லை. தகப்பன் கொடுக்கும் அந்த நிமிடத்தின் பெருமைக்காகவும் ஒளித்து வைக்கப்பட்டது. பட்டம் வேண்டுமென்று வைத்த விருந்துகளும் ஓவியங்களும் எந்தப் பசியிலிருந்து வந்தனவோ, அந்தப் பசியின் ஒரு துளி அவனுடைய அன்புக்குள்ளும் கலந்திருந்தது. தண்டனை அங்கேதான் வந்தது.

மகனுக்கு என்ன பதில் சொன்னேனென்று நினைவில்லை. அவன் தூங்கப் போன பிறகு மீதியைப் பார்த்தேன். கடைசித் துப்பாக்கிச் சண்டை நாவலில் இல்லை, குப்ரிக் சேர்த்தது. புல்லிங்டனின் துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிடுகிறது. இப்போது பரியின் முறை. கொன்றுவிடலாம். அவன் தரையில் சுடுகிறான். வாழ்க்கையில் லாபம் பார்க்காமல் அவன் செய்த ஒரு காரியம் அது. அதற்கு விலையாக ஒரு கால் போகிறது. வீடு போகிறது. வருடத்துக்கு 500 கினி தருகிறோம், இங்கிலாந்தை விட்டுப் போய்விடு என்கிறார்கள். கடைசிக் காட்சியில் லேடி லிண்டன் கணக்குகளில் கையொப்பமிட்டுக்கொண்டு வருகிறாள். பரிக்கான காசோலை வந்ததும் கொஞ்சம் நிறுத்துகிறாள். எங்கோ பார்க்கிறாள். பிறகு ஒப்பமிடுகிறாள். அதிலுள்ள வருடம் 1789. கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சில் இவர்களைப் போன்ற பிரபுக்களின் உலகம் சரியத் தொடங்கிய வருடம்.

பிறகு திரையில் ஒரு குறிப்பு வருகிறது. அழகனோ அவலட்சணமோ, பணக்காரனோ ஏழையோ, இந்தக் கதையிலுள்ள எல்லோரும் இப்போது சமம் என்பது அதன் கருத்து. விடுதியில் முதன்முதலாக அதை வாசித்தபோது எனக்கு ஓதப்பள்ளியில் மனனம் செய்த தகாஸுர் சூறா ஞாபகம் வந்தது. சின்னச் சூறா, எல்லோருக்கும் பாடம். சேர்ப்பதில் தொடங்கி அடுத்த வசனத்திலேயே கப்றுக்குப் போய்விடும். அப்போது அதைப் பரிக்குரிய செய்தியாக எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை அலுமாரி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அடுத்த நாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பூட்டு விசயம் உட்பட. "அது ஓடாதென்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்க போட்ட ஒடனேயே எடுத்து வெச்சிட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான். நான்கு வருடமாக அவளும் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்திருக்கிறாள்.

போன கிழமைப் படத்தைப் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்கப் பிளேயர் வைத்திருக்கிறாராம். நிமிர்த்தி வைக்கவா, பார்க்கவா என்று கேட்டேன். பார்க்கத்தான் என்றார். நேற்று அனுப்பிவிட்டேன். ரூபா விழுந்ததால் வாங்கியதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. மனைவி கையிலிருந்து கொஞ்சம் போட்டாள். மாலையில் மூவருமாகப் போய்ச் சைக்கிள் எடுத்தோம். ஒளித்து வைக்கவில்லை, உறை சுற்றவில்லை. கடை வாசலிலேயே அவன் ஏறினான். ஒன்பது வயதுக்குக் கொஞ்சம் சின்னச் சைக்கிள்தான். அதற்கு மேலே எங்களுக்கு இயலவில்லை. இருக்கையைப் பிடித்துக்கொண்டு நான் வீடு வரைக்கும் பின்னால் ஓடினேன். இன்று முழங்கால் இரண்டும் வலிக்கிறது.

சேகரிப்பது பிழையென்று நான் சொல்லவரவில்லை. எரிந்துபோன ஒரு மாளிகையின் அறைகள் ஒரு படத்துக்குள் பத்திரமாக இருப்பது யாரோ சிலர் பிரதிகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டதால்தான். சேர்ப்பவர்கள் சேருங்கள். வாங்குவதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். வீட்டில் ஒருவர் பேசாமல் இருந்தால் ஏனென்று கேளுங்கள்.

படத்தையும் பாருங்கள். எந்தப் பிரதி கிடைக்கிறதோ அதில்.

பி.கு: நூறு ரூபா இறுவட்டு விற்பனைக்கு இல்லை. உள்பெட்டிக்கு வர வேண்டாம்.